எர்மெலிந்தாவின் டோக்கன்கள்

தக்காளிச் செடியின் கறை சோப்புக்குப் போகாது. பச்சையாக ஒட்டி, வெயில் ஏற ஏறக் கறுத்து, மத்தியானத்துக்குள் கை இரண்டும் தார் ரோடு போட்டவன் கை மாதிரி ஆகிவிடும். ஒரு காய்த்தக்காளியைக் கையிலேயே நசுக்கி அந்தப் புளிப்புச் சாற்றைத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். எல்லை தாண்டி வந்து தக்காளி பறிக்கிறவர்களின் ஊரான எங்கள் இம்மோக்கலியில் இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பாதிரியாருக்கு மட்டும் தெரியாது. புதிதாக வந்தவர், பாவசங்கீர்த்தனத்தின்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சானோ. ரொம்ப வருஷம் வயலுக்குப் பஸ் ஓட்டினேன். இடுப்பு போனதும் ஒரு பழைய வேனை வாங்கி, டாக்டரிடம் போகிற கிழடுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். வேனில் ஏசி உண்டு. டிசம்பர் மாதத்தில் பிரமாதமாக வேலை செய்யும். என் பெண்டாட்டி என்னை விட்டுப் போனதற்கு அந்த ஏசி காரணமில்லை என்று நம்புகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

ஃபிதென்சியோ வீடு என் வீட்டுக்கு அடுத்த மனை. அவருடைய ஒரே மகனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, அவர் வீட்டம்மா எர்மெலிந்தா எனக்குக் கொமாத்ரே. மகன் வடக்கே கோழி ஆலையில் வேலை செய்கிறான். வீட்டில் கிழவரும் கிழவியும், யாருக்கும் சொந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு கோழிகளும்தான். எங்கள் ஊர்க் கோழிகள் அப்படித்தான். தெருவெல்லாம் தங்களுடையது என்று நினைப்பவை.

அந்தக் காலத்து வயல் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இரண்டு கையாலும் பறித்து வாளியை நிரப்ப வேண்டும். விளிம்போடு நின்றால் செல்லாது. மேலே கும்பமாக நிற்க வேண்டும். அதைத் தோளில் ஏற்றி, மணலில் கால் புதையப் புதைய ஓடி, லாரி மேல் நிற்பவனிடம் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவன் கொட்டிவிட்டு, வெறும் வாளிக்குள் ஒரு டோக்கனைப் போட்டுத் திருப்பி எறிவான். தகரத்தில் செய்த டோக்கன், பாட்டில் மூடி அளவு. அதுதான் கூலி. எர்மெலிந்தா ஆம்பிளைகளுக்குச் சளைக்காமல் பறிப்பார். வாளியைப் பிடித்த வேகத்தில் டோக்கனை எடுத்து ஃபிதென்சியோவின் பையில் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடிவிடுவார். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். சாயங்காலம் என் பஸ் படியில் மேஸ்திரி தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஃபிதென்சியோ அதில் பையைக் கவிழ்ப்பார். ஒரு குடும்பத்துக்கு ஒரு செக், அதுவும் வீட்டு ஆம்பிளை பேரில். இரண்டாவது செக் எழுதினால் மேஸ்திரிக்குக் கை சுளுக்கிவிடும். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. நானும்தான் பஸ் கண்ணாடியைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜனவரியில் ஒரு காலை, கோழிகள் வழக்கத்துக்கு மீறிக் கத்தின. எட்டிப் பார்த்தால் கொமாத்ரே முற்றத்தில் கிடக்கிறார். பக்கத்தில், இலையில் சுற்றி வேகவைத்து அவர் விற்கிற தமாலேவுக்குப் பிசைந்த சோளமாவுச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. கோழிகள் மாவைத் தின்கின்றன. ஃபிதென்சியோ ஒரு கையால் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார். எது முக்கியம் என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரியவில்லை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், அவசரம் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சில் கோத்திருந்த நீரை இறக்கினார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் ஒரு கதவு. அது சுண்ணாம்பு பிடித்து இறுகிவிட்டது. நெஞ்சைத் திறந்து கதவை மாற்ற வேண்டும்.

"மாத்துங்க," என்றார் ஃபிதென்சியோ.

"அது அவசரச் சிகிச்சையில வராதுங்க ஐயா. இன்சூரன்ஸ் வேணும்."

"மாத்தலேன்னா?"

டாக்டர் காகிதத்தை மடித்தார். "ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓடலாம். ஆனா தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, கோபப்படக் கூடாது."

"கடைசியில சொன்னத கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டாக்டர். அவ காதுல விழட்டும்."

கட்டிலிலிருந்து கொமாத்ரே, "யோவ் கெழவா, வாய மூடு," என்றார். உயிர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெம்பு வந்தது.

அறுபத்தைந்து வயதைத் தாண்டி, பத்து வருஷமாவது செக்கில் வரி கட்டியிருப்பவர்களுக்கு அரசாங்க இன்சூரன்ஸ் உண்டு. ஃபிதென்சியோவுக்கு இருந்தது. செக்கில் பிடித்த வரியெல்லாம் சேர்ந்து பத்து வருஷக் கணக்குக்கு மேலேயே அவர் பேரில் ஏறியிருந்தது. வயது தாண்டியிருந்தாலும் கொமாத்ரே பேரில் ஏறியிருந்தது, கடைசிக் காலத்தில் தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்த கொஞ்ச நாள் மட்டும். அது பாதிகூட வராது. வயலில் இருந்த காலம் முழுவதும் கணக்குப்படி அவர் வேலையே செய்யவில்லை. மாதாமாதம் பணம் கட்டியும் வாங்கலாம்தான். ஆனால் அதற்கே ஃபிதென்சியோவின் பென்ஷனில் பெரும்பகுதி போய்விடும்.

இருவரையும் வேனில் ஏற்றி நகரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். முதல் ஜன்னல் ஏழைகளுக்கான திட்டம். உள்ளே இருந்த அம்மா நிமிராமல் கேட்டார்: "கூட இருக்கறவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்," என்றார் கொமாத்ரே.

"ஒரே வீட்ல புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கீங்க?"

"இல்லாம? வேற எப்படி இருப்பாங்க?"

"அப்ப அவர் பென்ஷனையும் சேத்துத்தான் கணக்கு. வரம்பு தாண்டுது. கிடையாது. அடுத்த ஜன்னலுக்குப் போங்க."

அடுத்த ஜன்னலில் யாதிரா என்ற பெண். புவெர்த்தோ ரிக்கோக்காரி. பேச்சு மழை மாதிரி, ஆனால் நல்ல மாதிரி. "அம்மா, கவலப்படாதீங்க. வீட்டுக்காரர் கணக்குலயே உங்களுக்கும் கிடைக்கும். கல்யாணச் சர்டிபிகேட் மட்டும் குடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்யாணம் ஆகலையே," என்றார் ஃபிதென்சியோ. "தூக்கிட்டு வந்தேன்."

யாதிரா பேனாவை வைத்துவிட்டாள். "ஐயா, இந்த மாநிலத்துல சும்மா சேந்து வாழ்ந்தா மட்டும் அது கல்யாணம்னு ஆகாது. சர்டிபிகேட் இல்லேன்னா, இந்த ஜன்னலுக்கு நீங்க இவங்களுக்கு யாருமில்ல."

ஃபிதென்சியோ திரும்பி முதல் ஜன்னலைப் பார்த்தார். "அந்தம்மா இப்பத்தான் என்னைப் புருஷன்னாங்க. பத்தடி நடந்து வர்றதுக்குள்ள யாருமில்லாதவனா ஆயிட்டேன். கொம்பாத்ரே, நடுவுல எதையாவது கீழ போட்டுட்டேனா, பாருங்க."

நான் உண்மையிலேயே தரையைப் பார்த்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

யாதிரா சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இப்பவே பண்ணிக்கோங்க. ஆனா ஒண்ணு, பண்ணி ஒரு வருஷம் முடியணும். அதுக்கப்புறம்தான் பொண்டாட்டின்னு எழுத முடியும்."

ஒரு வருஷம். டாக்டர் சொன்னதும் ஒரு வருஷத்தில்தான் ஆரம்பித்தது. திரும்பி வந்தோம். வழியெல்லாம் ஏசி மட்டும், ஜனவரி என்பதால், உற்சாகமாக வீசியது.

கல்யாணத்துக்குச் சம்மதிக்காதது கொமாத்ரேதான்.

முற்றத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருந்தோம். ஃபிதென்சியோ அடுப்பில் பீன்ஸ் கிளறினார். அடிப்பிடித்த வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

"எந்திரிச்சு வந்து கிளறட்டுமா?" என்றார் கொமாத்ரே.

"உக்காரு கெழவி. இது புதுப் பக்குவம்."

"கோழிகூட ஓடுது, பாரு."

"பேச்ச மாத்தாத. திங்கக்கிழமை கோர்ட்டாபீஸ் போறோம். சானோ வேன் எடுக்கறார்."

"நான் வரல."

"ஏன்?"

கொமாத்ரே தலையைத் திருப்பிக்கொண்டார். மாவு கவிழ்ந்த இடத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது, அதையே பார்த்தார். "எங்கப்பா என்ன சொன்னாரு? ஒரு பன்னி, மேளம், அவ கைய புடிச்சு ஊர் பாக்க கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டு வா, அப்பத்தான் அவ எனக்கு மக. அடுத்த அறுவடைக்கு, அடுத்த அறுவடைக்குன்னு தள்ளிக்கிட்டே போன. அவரு போயே போயிட்டாரு. ஒரு ஃபோட்டோல கூட என் மூஞ்சியப் பாக்காமப் போனாரு. அந்தக் கல்யாணத்த இப்ப ஒரு ஜன்னல் ஓட்டைல கையெழுத்துப் போட்டு முடிக்கணுமா? எதுக்கு? ஆஸ்பத்திரிக்காரன் சந்தோஷத்துக்கா?"

"உன் உசுருக்குடி."

"என் உசுரு இத்தன வருஷம் எங்க இருந்துச்சு?"

நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். கோழி ஒன்று என் செருப்பின் மேல் நின்றிருந்தது.

ஃபிதென்சியோ கரண்டியை வைத்தார். "சரி. என்ன செய்யணும், சொல்லு."

"நீ என்னக் கேட்டியா?"

"என்ன கேக்கணும்?"

"கல்யாணம் பண்ணிக்கிறியான்னு. கெணத்தடில தண்ணிக் குடத்தோட நின்னேன். கழுதைல ஏத்திட்டுப் போயிட்ட. குடத்தக்கூட எறக்கி வைக்கல. இன்னிக்கு வரைக்கும் கேட்டியா?"

"நீதான ஏறி உக்காந்த!"

"ஏறினேன். கேட்டியான்னுதான் கேக்கறேன்."

ஃபிதென்சியோ அடுப்பை விட்டு அவர் முன்னால் வந்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். அப்புறம், கெட்டுப்போன வலது முழங்காலை ஒரு கையால் பிடித்து, மெல்ல மெல்ல மணலில் மண்டியிட்டார்.

"எர்மெலிந்தா," என்றார். கெழவி என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்ததே எனக்குப் புதிது. "என்னக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

கொமாத்ரே அழுதார். அப்புறம், "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

"சீக்கிரம் யோசி. என்னால எந்திரிக்க முடியல."

உண்மையிலேயே முடியவில்லை. கொமாத்ரே தூக்கப் பாய்ந்தார், "தூக்கக் கூடாது!" என்று நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். என் இடுப்போ அப்படிப்பட்ட இடுப்பு. கடைசியில் எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்கள். பீன்ஸ் முழுதும் கரியாகியிருந்தது.

பிப்ரவரியில் கல்யாணம். கோர்ட்டில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. எழுத்தர் அம்மாவுக்குத் தலைவலிபோல. வாழ்த்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஆனால் முற்றத்தில் பன்றி வெந்தது. எங்களில் கல்யாணச் செலவை ஊர் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஒருவர் மாலை, ஒருவர் பாட்டு, ஒருவர் பன்றி. எனக்குக் கேக். வேனில் வரும்போதே அது ஒரு பக்கம் சரிந்துவிட்டது. கேக் சாய்ந்திருந்ததா, நான் சாய்ந்து நின்றேனா என்று கடைசிவரை விவாதம் நடந்தது.

பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். அடுத்தது காசு. மாப்பிள்ளை பெண்ணின் கையில் பதின்மூன்று காசு கொட்டுவான். என் சம்பாத்தியம் எல்லாம் இனி உன் கையில் என்பது அதன் பொருள். வசதியுள்ளவர்கள் தங்க முலாம் பூசிய காசு வைப்பார்கள்.

ஃபிதென்சியோ கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, கொமாத்ரேயின் இரண்டு கையிலும் கொட்டினார். தகரச் சத்தம். பாட்டில் மூடி அளவு. சிலதில் துரு.

"என்னய்யா இது?"

"மேஸ்திரி மாறுறப்போ பழசு செல்லாதும்பான்ல? அப்பப்ப பையில தங்கிப்போனது. எதுக்குன்னு தெரியாமலே வச்சிருந்தேன்." அவர் குரல் சின்னதாகிவிட்டது. "உன்னோடதுதான். நீதான எம் பையில போட்ட. மத்தத எல்லாம் கவுத்துட்டேன். மிச்சம் இதுதான்."

கொமாத்ரே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பாட்டுக்காரர்கள் அடுத்த பாட்டை ஆரம்பிக்கலாமா என்று என்னைப் பார்த்தார்கள். நான் கேக்கைப் பார்த்தேன்.

பிறகு வந்ததெல்லாம் காத்திருப்பு. கொமாத்ரே எதையும் தூக்கக் கூடாது என்று தெருவே சட்டம் போட்டது. அவர் துடைப்பத்தைத் தொட்டால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும். தமாலே வியாபாரத்தை ஃபிதென்சியோ எடுத்துக்கொண்டார். இலையைச் சுற்றத் தெரியாமல் சுற்றி, வேகவைத்தால் மாவு ஒரு பக்கம் கறி ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். எல்லோரும் வாங்கினோம். நான் என்னுடையதைக் கோழிக்குப் போட்டேன். கோழி என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஜூன் மாதம் மழை இறங்கியது. ஈரக் காற்றில் கொமாத்ரேவுக்கு மூச்சு இன்னும் சிரமப்பட்டது. படுத்தால் முட்டும், நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். கால் வீங்கும். இரண்டு தடவை அவசரத்துக்குக் கொண்டு ஓடினோம். நீரை இறக்கினார்கள், மாத்திரை எழுதினார்கள், அனுப்பினார்கள். இரண்டாவது தடவை அந்த இளம் டாக்டரே வந்தார். "இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" என்று கேட்டார். உயிரைச் சொல்கிறாரா, ஜன்னல் போட்ட கெடுவைச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஃபிதென்சியோவுக்கு விளங்கியது. "பிப்ரவரி," என்றார்.

நவம்பரில் தக்காளி பழுத்தது. அப்போதுதான் ஃபிதென்சியோ தினம் விடிகாலையில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். எழுபது வயதில் திடீரென்று வந்த பக்தி.

ஒருநாள் கொமாத்ரே என்னைக் கூப்பிட்டார். "கொம்பாத்ரே, உங்க கொம்பாத்ரே எங்க போறாரு?"

"கோயிலுக்குத்தான்."

"கோயில்ல தக்காளி வாசம் அடிக்குதா? கைய நல்லாத்தான் தேச்சுக் கழுவிட்டு வர்றான். நெகத்தடில இருக்கறத எப்படிக் கழுவுவான்?"

எனக்கும் தெரியும். பஸ் நிற்கும் மைதானத்தில் இருட்டோடு அவர் ஏறுவதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே. மாத்திரைக்கும் நீர் இறக்கினதற்கும் பில் வந்துகொண்டிருந்தது. "போகாதீங்க" என்று சொன்னபோது, "ஒனக்கு வேன் இருக்கு, எனக்குத் தக்காளி இருக்கு" என்றார். நீங்க என்பதை விட்டு அவர் என்னிடம் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றேன் கொமாத்ரேயிடம்.

"வேணாம். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவான். கோயிலுக்கே போகட்டும்."

டிசம்பர் நடுவில், ஒரு சாயங்காலம், பஸ் திரும்பி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஃபிதென்சியோ ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று டிரைவர் பையன் கொஞ்ச நேரம் விட்டிருக்கிறான். கிழவர்தானே, தூங்கட்டும் என்று. அப்புறம் தொட்டுப் பார்த்திருக்கிறான்.

அவருக்கு எல்லா இன்சூரன்சும் இருந்தது. நெஞ்சுவலி என்று ஒரு நாள்கூட டாக்டரிடம் அவர் போனதில்லை.

அன்று கையைக் கழுவ அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் கிடத்தியபோது இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு. சவப்பெட்டிக்காரர் ஏதோ திராவகம் எடுத்து வந்தார். கொமாத்ரே அவரை விலகச் சொன்னார். ஒரு காய்த்தக்காளி கேட்டார். நசுக்கினார். விரல் விரலாக, நகத்தடிவரை தேய்த்தார். நடுவில் மூச்சு வாங்கியது. நிறுத்தி உட்கார்ந்து, மறுபடி தேய்த்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. "தூக்கக் கூடாது" என்று அன்று யாரும் சொல்லவும் இல்லை.

ஜனவரியில் கொமாத்ரேயை மறுபடி நகரத்துக்குக் கூட்டிப்போனேன். இறந்துபோனவர் பென்ஷனை நிறுத்த வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. மகன் போனில் அழுதான். இன்னும் இரண்டு மாதம்தானே இருந்தது, அதற்குள் இப்படி என்று. எங்கள் எல்லோருக்கும் அதே நினைப்புதான். ஒரு வருஷம் முடியவில்லை. பெண்டாட்டி ஆகவில்லை.

யாதிரா சர்டிபிகேட் இரண்டையும் வாங்கினாள். கல்யாணம் ஒன்று, சாவு ஒன்று. தேதிகளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மழை மாதிரிப் பேசுகிறவள், அன்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா, உங்களுக்குக் கிடைக்குது."

"என்ன கிடைக்குது?"

"இன்சூரன்ஸ். பொண்டாட்டியா இருந்தா ஒரு வருஷம் ஆகணும். ஆனா..." அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன உதவி செய்ய முடியும்? "விதவையா இருந்தா ஒம்போது மாசம் போதும். உங்களுக்குப் பத்து ஆயிருக்கு."

பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். ஜன்னல் கண்ணாடியில் கொமாத்ரேயின் மூச்சு பட்டுப் பட்டு மறைந்தது.

"அப்ப, அவன் போனதாலதான் எனக்கு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"வேற எப்படிச் சொல்றது, சொல்லு தாயி. சொல்லு, அப்படியே சொல்றேன்."

யாதிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சுப் பலகையைத் தேடினாள்.

கொமாத்ரே கைப்பையைத் திறந்து, துணி முடிச்சை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். அவிழ்க்கவில்லை. "சாயங்காலம் பஸ் படில பையக் கவுப்பானே, கொம்பாத்ரே, ஞாபகம் இருக்கா?" என்றார். "ஒண்ணு தங்காம உள்ள கைய விட்டு ஒதறுவான். அப்படி ஒதறிட்டுப் போயிருக்கான் கெழவன்."

பிறகு அவர் நிமிர்ந்து, யாதிரா கேட்ட கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னார். பேர், பிறந்த ஊர், வேலை. வேலை என்ற இடத்தில் யாதிரா "வீட்டைக் கவனிக்கிறவர்" என்று அடிக்கப் போனாள். "தக்காளி பறிச்சேன்னு போடு," என்றார் கொமாத்ரே. அவள் அப்படியே போட்டாள்.

மார்ச்சில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். விடிவதற்கு முன்னே கிளம்பினோம். மைதானத்தில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் சொல்லவில்லை, நானாகத்தான். அவர் பார்த்துக்கொண்டே வந்தார். மைதானம் பின்னால் போனதும், "ஏசிய நிறுத்துங்க, குளுருது," என்றார். அதை நிறுத்தத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்து மோதிரம், தோடு, உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றாள். கொமாத்ரே கழற்றக் கழற்ற நான் வாங்கிக்கொண்டேன். கடைசியில் வலது கையைத் திறந்தார். துணி முடிச்சு.

நான் வழக்கமாகச் செய்கிற மாதிரி அதை என் கால்சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன்.

"நில்லுங்க கொம்பாத்ரே." ட்ராலியிலிருந்து தலையைத் தூக்கினார். "உங்க பையில போடாதீங்க."

நர்ஸ் புரிந்துகொண்டாள். நோயாளிகளின் உடைமைகளுக்கென்று வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். அதில் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. கொமாத்ரேவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது.

"என்ன எழுதிருக்கு?"

"எர்மெலிந்தா ஒகாம்போ," என்று படித்தேன்.

"வேற யார் பேராவது இருக்கா?"

"இல்ல கொமாத்ரே. உங்க பேரு மட்டும்தான்."

"அப்ப அதுல போடுங்க," என்றார்.

போட்டேன். தகரம் தகரத்தில் பட்டுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் அவர் தலையைத் தலையணையில் வைத்தார். ட்ராலி நகர்ந்தது.